காயாத கடல்: கத்தியால் எண்ணெய் ஓவியம் தீட்டப் போகிறவர்களுக்கு

பேலட் நைஃபில், அதாவது ஓவியர்களின் மழுங்கிய கத்தியில், எண்ணெய் வண்ணத்தை அள்ளி, பென்சில் கோடுகூடப் போடாமல் நேராகக் கேன்வாஸில் இழுக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிடத்தில் மலை, மரம், தண்ணீர், அந்தி வானம் எல்லாம் வந்துவிடும். கடைசித் தீற்றலோடு வீடியோவும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் படம் எப்போது காய்ந்தது, அதை எப்படி எடுத்துப்போனார்கள், இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. எனக்கு நடந்ததெல்லாம் அந்தக் கடைசித் தீற்றலுக்குப் பிறகுதான். கேட்க ஆளில்லாமல் தனியாக அல்லாடி, 20,000 ரூபாய்க்கு மேல் கைக்காசை விட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கம் கெட்டுப்போனேன். இனி தொடங்கப் போகிறவர்களுக்காவது இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

தாம்பரம் பக்கம் ஒரு வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. வாட்டர்கலர் பல வருடமாகப் பழக்கம். அதில் தண்ணீர் எங்கே ஓடும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கை எப்போதும் பயந்துகொண்டே இருக்கும். கத்தியை முதன்முதலாக எடுத்த அன்று அந்தப் பயம் போய்விட்டது. கத்தி விளிம்பில் அல்ட்ராமெரின் நீலத்தையும் வெள்ளையையும் சரியாகக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து, கேன்வாஸில் லேசாகச் சாய்த்து வைத்து ஒரே மூச்சில் இழுத்தால், அந்த ஒரு தீற்றலுக்குள்ளேயே பத்து நீலம் தெரியும். கத்தி விட்டு வரும் இடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பி நிற்கும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த மேட்டுக்கு நிழல்கூட உண்டு. அலுவலகத்தில் நாள் முழுக்கப் பைசா சுத்தமாக எண்ணிவிட்டு வந்து, யோசிக்காமல் கை போன போக்கில் போட்ட அந்த மாலைகளைப் போல நிம்மதியான நேரம் எனக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை.

சிறிய படங்களைப் பார்த்த ஒரு தெரிந்தவர் மூலமாகப் புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதிக்காரர் பேசினார். வரவேற்பறைச் சுவருக்கு 3 அடிக்கு 4 அடியில் ஒரு கடல் வேண்டும், நல்ல தடிமனாக, தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி இருக்க வேண்டும் என்றார். 45,000 ரூபாய் பேசி, 20,000 முன்பணம் அனுப்பினார். தீபாவளிக்கு முன்னால் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் ஆரம்பித்தால் தாராளமாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இந்த இடத்தில் எனக்கு யாரும் சொல்லாத ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கத்தி வேலையில் வண்ணம் எவ்வளவு போகும் என்பது சாதாரணப் பெருக்கல்தான். 3 அடிக்கு 4 அடி என்றால் ஏறக்குறைய 11,150 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் சராசரியாக 1 மில்லிமீட்டர் தடிமன் வைத்தாலே 1,100 மில்லிக்கு மேல் வண்ணம் வேண்டும். 40 மில்லி டியூப் என்றால் 28 டியூப். கத்தி வேலைக்கு 1 மில்லிமீட்டர் ரொம்பச் சாதாரணத் தடிமன். அலையின் முகட்டில் அது 4, 5 மில்லிமீட்டர்கூடப் போகும். வேலை எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போட்ட பிறகுதான் விலை பேச வேண்டும். எனக்கு வண்ணத்துக்கு மட்டும் 9,000 ரூபாய் ஆனது. அதிலும் வெள்ளை பாதி வேலையில் தீர்ந்துபோனது.

வெள்ளை வாங்கப் போன கடையில், "மேடம், இவ்வளவு டியூப் எதுக்கு? லின்சீட் ஆயில் கொஞ்சம் சேர்த்துக்கங்க, நிறைய வரும்" என்றார்கள். ஆளிவிதை எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். வண்ணம் வெண்ணெய்ப் பதத்தில் வழுக்கிக்கொண்டு போனது. கை இன்னும் வேகமாக ஓடியது. அந்தப் பாட்டிலில்தான் முக்கால்வாசிக் கஷ்டமும் இருந்தது.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப் போல ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மெல்ல மெல்லக் கெட்டியான படலமாக மாறுகிறது. அதனால் காற்று படும் மேல்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பால் ஆறும்போது ஆடை கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பூச்சு சில நாளில் தொட முடிகிற அளவுக்கு வந்துவிடும். 5 மில்லிமீட்டர் மேடு உள்வரை இறுகப் பல மாதம் ஆகும், சில நேரம் வருடக்கணக்கும் ஆகும். எண்ணெய் அதிகமாக இருந்தால் மேல் ஆடை ஆக்சிஜனை வாங்கி விரிந்து, கீழே பிடிப்பில்லாமல் சுருக்கம் சுருக்கமாக மடியும். நிறத்துக்கு நிறம் வேகமும் மாறும். அம்பர் வகைப் பழுப்புகளும் கோபால்ட் நீலமும் சீக்கிரம் காயும். காட்மியம் மஞ்சள், சிவப்பு, ஐவரி கறுப்பு எல்லாம் இழுத்தடிக்கும். மஞ்சளாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல வெள்ளைகளைச் சாஃப்ளவர் எண்ணெயில், அதாவது குசும்பா எண்ணெயில் அரைத்திருப்பார்கள். அது ஆளிவிதை எண்ணெயைவிட மெதுவாகத்தான் காயும். என் கடலில் எங்கே தடிமன் அதிகம்? அலை நுரையில். நுரை என்ன நிறம்? வெள்ளை. எல்லாவற்றிலும் மெதுவாகக் காயும் நிறத்தை எல்லாவற்றிலும் தடிமனாக வைத்து, அதில் எண்ணெயையும் ஊற்றியிருந்தேன்.

படம் முடிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் மேல் வரிசை நுரை ஒரு விரல்கடை கீழே சரிந்திருந்தது. கத்தியால் தூக்கி வைத்தேன், மறுபடி சரிந்தது. அப்புறம் தரையில் படுக்க வைத்து, இரவில் அதைச் சுற்றி நடந்து போய் வந்துகொண்டிருந்தேன். தடிமனாகப் போடுகிறவர்கள் முதல் வாரமாவது படத்தைப் படுக்கையிலேயே காய விடுங்கள். அதற்கு வீட்டில் எங்கே இடம் என்று ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, பெரிய கேன்வாஸ் இந்தக் கனத்தைத் தாங்காது. டைட்டானியம் வெள்ளை நல்ல கனம். என் படத்தில் வண்ணம் மட்டும் ஏறக்குறைய 2 கிலோ இருந்திருக்கும். கேன்வாஸ் நடுவில் தொய்ந்தது. கத்தியை அழுத்திய இடங்களில் பின்னால் இருந்த மரச்சட்டத்தின் கோடு முன்னால் தெரிந்தது. இப்போது நான் பிளைவுட் பலகையில்தான் வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் ஓரங்களும் சீலர் அடித்து, மேலே இரண்டு மூன்று கை ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சு. பலகை அசையாது, அதனால் தடித்த வண்ணம் விரிசல் விடுவதும் குறையும். கேன்வாஸ்தான் வேண்டுமென்றால் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே கெட்டி அட்டை செருகிவிட்டு வேலை செய்யுங்கள்.

அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை என்றால் துணியே காயாது, எண்ணெய் எப்படிக் காயும்? ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தி துடைக்க ஹார்ட்வேர் கடையில் வாங்கிய டர்பன்டைன் ஒரு கிண்ணத்தில் திறந்தே இருக்கும். தினமும் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி ஒரு மயக்கம். கவலையால் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா கதவைத் திறந்ததும், "என்னடி இது, பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. மூக்கு பழகிவிட்டால் நமக்கு வாசனையே தெரியாது. கத்தி வேலையில் உள்ள பெரிய நன்மையே கரைப்பான் தேவையில்லை என்பதுதான். பழைய பனியன் துணியில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான், கத்தி சுத்தம். தட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் சமையல் எண்ணெய், அப்புறம் சோப்பு. டர்பன்டைன் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். காட்மியம், கோபால்ட் நிறங்களைக் கையில் படாமல் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும்.

துடைத்த துணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு நாள் பால்கனியில் கட்டி வைத்திருந்த குப்பைப் பையை நகர்த்தப் போய்க் கையை எடுத்துவிட்டேன். பை சுட்டது. வெயில் இல்லாத நாள், பக்கத்தில் அடுப்பும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு கிளம்பும். கேன்வாஸில் அது காற்றோடு போய்விடும். கசங்கிய துணிக் குவியலுக்குள் வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். யாரும் நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது; காரணம், வேலையாட்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். அந்தப் பையைத் தூக்கி வாளித் தண்ணீரில் முக்கிய பிறகும் வெகுநேரம் என் கை நடுக்கம் நிற்கவில்லை. கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. துணியைக் கசக்கிக் குவிக்காதீர்கள். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காய விடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

தீபாவளி நெருங்கியது. விரலால் தொட்டால் மேலே ஒட்டவில்லை, அதனால் காய்ந்துவிட்டது என்று ஃப்ரேம் போடக் கொண்டுபோனேன். ஃப்ரேம் போடுகிற தம்பி கட்டை விரலால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, மேலதான் தோல் கட்டியிருக்கு, உள்ள கொழகொழன்னு இருக்கு. இப்ப அனுப்பாதீங்கக்கா" என்றார். அவர் ஒருவர்தான் எனக்கு உண்மையைச் சொன்னவர். ஆனால் விடுதிக்காரர் சுவரில் விளக்கெல்லாம் மாட்டித் தயாராக இருந்தார், தேதி கொடுத்திருந்தேன். 4,500 ரூபாய்க்கு ஃப்ரேம் போட்டு, பபிள் ராப் சுற்றி, ஒரு குட்டி யானையில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அனுப்பினேன். மழை விட்டு அன்று பார்த்து நல்ல வெயில்.

சாயங்காலம் போனில் படம் வந்தது. வானம் முழுக்க, வரிசை தவறாமல், சின்னச் சின்ன வட்டங்கள். பபிள் ராப்பின் ஒவ்வொரு குமிழும் தன் அச்சைப் பதித்திருந்தது. நுரை இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து தோல் உரிந்து, உள்ளேயிருந்து பளபளவென்று ஈர வெள்ளை தெரிந்தது. விடுதிக்காரர் கோபப்படவில்லை. "நீங்க நல்லாத்தான் போட்டிருக்கீங்கம்மா, ஆனா இதை நான் எப்படி மாட்டுறது?" என்றார். முன்பணம் 20,000 திருப்பி அனுப்பினேன். வண்டி போக வர 5,000. வண்ணம், கேன்வாஸ், ஃப்ரேம் எல்லாம் சேர்த்தால் 22,000 ரூபாய். பணத்தைவிட, இனி கத்தியையே தொடக் கூடாது என்று தோன்றியதுதான் எனக்கு வலித்தது. அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தையில் எடுத்துப் பார்த்தபோது வெள்ளையெல்லாம் மஞ்சள் பாரித்து, பின்பக்கத் துணியில் பூஞ்சை பூத்திருந்தது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பகுதி திரும்பும் என்பதும் அதன் பிறகு தெரிந்துகொண்டதுதான். காயும் காலத்தில் படத்துக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்கவே வேண்டாம்.

மறுபடி கத்தியை எடுக்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே படங்களை நேராக நின்று பார்க்காமல், பக்கவாட்டில் தலையைச் சாய்த்து மேற்பரப்பை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். தடிமனாகத் தெரிந்த இடங்கள் உண்மையில் எவ்வளவு குறைவு! பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1869இல் பிரான்ஸில் நார்மண்டியின் எத்ரெத்தா கடற்கரையில் அலைகளைக் கத்தியால் தீட்டியதைப் பற்றியும் அந்தச் சமயத்தில்தான் தேடிப் படித்தேன். அவர் இருண்ட அடிப்பூச்சிலிருந்து தொடங்கி வெளிச்சத்தை நோக்கி வேலை செய்தவர். எனக்கு வேண்டியிருந்த பதில் அதில் இருந்தது. இருட்டு ஏற்கெனவே அடியில் இருந்தால், வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தடிமன் வைத்தால் போதும்.

இப்போது நான் செய்வது இப்படி. பலகையில் முதலில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் மெல்லிய பழுப்போ கருநீலமோ அடித்துவிடுவேன், அன்றைக்கே காய்ந்துவிடும். அக்ரிலிக் மேல் எண்ணெய் போகலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் போகவே கூடாது. வெள்ளைப் பரப்பு இல்லாததால் கை மிரளாது, விட்டுப்போன இடைவெளியும் அழகாகவே இருக்கும். தட்டில் நான்கு நிறத்துக்கு மேல் எடுப்பதில்லை. வண்ணக் குவியல்களை முன்பே கத்தியால் கலந்து வைத்துவிடுவேன், ஏனென்றால் கேன்வாஸ் மேல் வைத்துக் கலக்கினால் மூன்றாவது கலப்பிலேயே சேறு. ஒவ்வொரு தீற்றலுக்கும் கத்தியைத் துடைத்தாக வேண்டும். இது சலிப்பாக இருக்கும், ஆனால் நிறம் சுத்தமாக நிற்பது இதனால்தான். பெரும்பகுதியை மெல்லியதாக வழித்துத் தடவிவிட்டு, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தடித்த வண்ணம். அந்த நேரத்தில் யோசிப்பதே இல்லை, கை விட்ட வழிதான். பிடிக்காததை அன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுவேன். ஈரமாக இருக்கும்போது எதையும் எடுத்துவிடலாம். ஆடை கட்டிய பிறகு தொட்டால் பீறும்.

எண்ணெய் தனியாகச் சேர்ப்பதில்லை. சீக்கிரம் காய வேண்டுமானால், வண்ணத்தோடு கலக்கும் ஆல்கிட் மீடியம் என்ற பிசின் கலவை கொஞ்சம், ஜன்னல் திறந்து வைத்து. வெள்ளை வாங்கும்போது டியூப்பின் பின்பக்கம் படியுங்கள். பல டைட்டானியம் வெள்ளைகளில் துத்தநாக வெள்ளையும் கலந்திருக்கும், அது காலப்போக்கில் நொறுங்கி உரியக்கூடியது. கத்தி வாங்கினால் கழுத்து வளைந்த பெயிண்டிங் நைஃப், இரும்பில், வைர வடிவத்தில் ஒன்று போதும்; நேரான கத்தி கலக்க மட்டும்தான், வரையும்போது விரல் முட்டி படத்தில் இடிக்கும். பிளாஸ்டிக் வேண்டாம். இரும்புக் கத்தியும் தேயத் தேய பிளேடு மாதிரி கூராகிவிடும், துடைக்கும்போது விரலைப் பாருங்கள்.

அனுப்புகிற படமென்றால் முகத்தில் எதுவும் படக் கூடாது. மரப்பெட்டிக்குள் ஓரங்களில் மட்டும் பிடிப்பு வைத்து, முன்னால் இடைவெளி விட்டு அடைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கான செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். தடித்த படத்தைச் சுருட்டவே கூடாது. வார்னிஷ் மெல்லிய படத்துக்கே 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுக்க வேண்டும், கத்திப் படத்துக்கு அதற்கும் மேல். ஆர்டர் எடுக்கும்போது நான் இப்போது இரண்டு தேதி எழுதிக் கொடுக்கிறேன்: வரைந்து முடிக்கும் தேதி ஒன்று, அனுப்பும் தேதி ஒன்று. நடுவில் குறைந்தது 4 மாதம், மழைக்காலம் குறுக்கே வந்தால் 6 மாதம். முன்பணம் திரும்பாது என்பதும் அதே தாளில் இருக்கும். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பவர்களிடம் எண்ணெய் எப்படிக் காய்கிறது என்று விளக்கிச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் சரி, காத்திருக்கிறோம் என்கிறார்கள். அவசரம் என்பவர்களுக்கு அக்ரிலிக்கில் செய்துதருகிறேன். ஹெவி பாடி என்ற கெட்டியான அக்ரிலிக்கிலும் கத்தி நன்றாகவே ஓடும்.